பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெட்ரோல் குழாய் ஒழுகினால்: புதியவர்களுக்கான பழுதுநீக்கும் வழிமுறை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெட்ரோல் வாடை அடிக்கத்தான் செய்யும் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அது சரியல்ல. நல்ல நிலையில் உள்ள வண்டி அறுபது வயதைக் கடந்ததாக இருந்தாலும், நிறுத்தி வைத்த கொட்டகையில் வாடையைத் தேக்காது. வாடை வருகிறது என்றால் டேங்க்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது ஒரு ரப்பர் குழாய் வெடித்திருக்கிறது, அல்லது இரும்புக் குழாயில் துரு ஓட்டை போட்டிருக்கிறது. பொள்ளாச்சி, மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்தில் தோப்புக் கொட்டகையில் ஒரு பழைய வண்டியை வாங்கி நிறுத்திவிட்டு, அதை முதன்முறையாகத் தம் கையால் சரிசெய்ய நினைப்பவர்களை மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வது 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்ஜிபி என்னும் இரண்டு இருக்கை வண்டி. கார்புரேட்டர் பொருத்திய மற்ற பழைய வண்டிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இன்ஜெக்‌ஷன் முறையில் ஓடும் வண்டிகளுக்கு இது பொருந்தாது. எம்ஜிபியில் உள்ள எஸ்யு என்னும் தயாரிப்புப் பெட்ரோல் பம்ப் கொடுக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 3 பவுண்டு. அது டயரில் நாம் அடிக்கும் காற்றின் பத்தில் ஒரு பங்கு. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அந்த அழுத்தம் பெரும்பாலும் 40 பவுண்டை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும். இன்ஜினை நிறுத்திய பின்னும் குழாய்க்குள் அது அடங்காமல் நிற்கும். கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் போன்ற வண்டியை வைத்திருப்பவர், முதல் வேலையாக இதைத் தொடாமல், அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இப்போது ஏன் ஒழுகுகிறது

பல ஆண்டுகள் ஒழுகாத வண்டி திடீரென்று ஒழுகத் தொடங்குவதற்கு வயது மட்டும் காரணம் அல்ல. நம் நாட்டுப் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது, 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. 1960-களிலும் 70-களிலும் செய்த ரப்பர் குழாய்கள் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ரப்பரின் மென்மைக்குக் காரணமான பொருள்களைக் கரைத்து எடுத்துவிடுகிறது. பெட்ரோல் இருக்கும்போது குழாய் உப்புகிறது, வண்டி மாதக்கணக்கில் நின்று காயும்போது சுருங்கி வெடிக்கிறது. இன்னொரு பக்கம், எத்தனால் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று நுழையும் இந்தப் பகுதியில், பாதி காலியான டேங்க்குடன் மழைக்காலம் முழுதும் நிற்கும் வண்டியின் டேங்க் அடியிலும் இரும்புக் குழாயின் தாழ்ந்த வளைவுகளிலும் நீர் தங்கி, உள்ளிருந்தே துரு பிடிக்கத் தொடங்கிவிடும். வெளியே வண்ணம் பளபளப்பாக இருப்பதைப் பார்த்துக் குழாய் நன்றாக இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது. ஒரு ரப்பர் துண்டு வெடித்திருந்தால், அதே காலத்தில் பொருத்திய மற்ற துண்டுகளும் அதே நிலையில்தான் இருக்கும். ஒழுகிய துண்டை மட்டும் மாற்றுவது சிக்கனம் போலத் தோன்றினாலும், அடுத்த துண்டு ஒழுகும்போது வண்டி கொட்டகையில்தான் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இடமும் பாதுகாப்பும்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையை ஒட்டி ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும், காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஆகையால் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழிக்கு மேல் இந்த வேலையைச் செய்யவே கூடாது. திறந்த களத்தில், நிழலில், சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். அங்கே கொண்டு போக இன்ஜினை ஓட்டாமல் ஆள் வைத்துத் தள்ளுங்கள்.

தோப்புக் கொட்டகைகளில் மறந்துவிடக்கூடிய ஓர் ஆபத்து மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி. மும்முனை மின்சாரம் வந்தவுடன் தானாகவே போர் மோட்டாரை ஓட்டிவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் பல தோட்டங்களில் இருக்கிறது. அதன் உள்ளே காண்டாக்டர் ஒட்டும் நொடியில் பொறி பறக்கும். வேலை தொடங்குமுன் அதன் மெயினை அணைத்துவிடுங்கள். ஆனி, ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும் நாள்களில் ஆவி விரைவில் கலையும் என்பது உண்மைதான். ஆனால் அதே காற்று ஆவியைக் கிழக்குப் பக்கத்து அடுப்படிக்கும் கொண்டு போகும். காற்றின் திசையில் வீடோ, விறகடுப்போ, ஓலை எரிக்கும் இடமோ இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

4 அல்லது 6 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். வண்டிக்கு அடியில் வைத்தால் வேண்டும்போது எடுக்க முடியாது. இரண்டு வாளி உலர்ந்த மணலும் வேண்டும். சிந்திய பெட்ரோலை உறிஞ்சப் பக்கத்தில் குவிந்திருக்கும் தேங்காய் நார்க் கழிவை அள்ளிக் கொட்டத்தான் பொள்ளாச்சிப் பக்கத்தில் முதலில் கை போகும். அது நன்றாகவே உறிஞ்சும். உறிஞ்சியபின் அதுவே எரிபொருளாகிவிடும். மணல் எரியாது. வெளிச்சத்துக்கு வயர் இழுத்த குண்டு பல்பு வேண்டாம், பேட்டரியில் எரியும் எல்இடி டார்ச் போதும். நைலான் உடைக்குப் பதில் பருத்தி உடை அணியுங்கள். உதவிக்கு ஒருவர் எப்போதும் உடன் இருக்க வேண்டும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்தல்

இந்த வேலையில் அதிக நேரமும் பொறுமையும் கேட்பது இதுதான். குழாயை மாற்றுவது அரை நாள் வேலை. தவறான குழாயை மாற்றினால் அந்த அரை நாளும் வீண். ஈரம் தெரியும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது, ஏனென்றால் வெளியே வந்த பெட்ரோல், குழாயின் அடிப்பக்கத்தை ஒட்டியே ஓடி, அடுத்த வளைவிலோ கிளிப்பிலோ வந்துதான் சொட்டும். சொட்டும் இடத்திலிருந்து மேட்டுப் பக்கமாகத் தேடிக்கொண்டு போங்கள்.

எம்ஜிபியில் பெட்ரோல் செல்லும் வழி இதுதான். டிக்கிக்கு அடியில் டேங்க். அதிலிருந்து ஒரு குட்டையான குழாய் பின்சக்கரத்துக்கு அருகிலுள்ள மின்சார பம்புக்குப் போகிறது. பம்பிலிருந்து ஓர் இரும்புக் குழாய் வண்டியின் அடிப்பக்கமாக முன்னே சென்று இன்ஜின் அறையில் ஏறுகிறது. அங்கிருந்து ரப்பர் குழாய்கள் இரண்டு எஸ்யு கார்புரேட்டர்களுக்கும் பிரிகின்றன. இந்த வண்டியில் கார்புரேட்டரும் சைலன்சருக்குப் போகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இன்ஜினின் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. கார்புரேட்டர் இணைப்பில் ஒழுகும் சொட்டு நேராகக் கொதிக்கும் இரும்பின் மேல் விழ வாய்ப்பு உண்டு. அந்தப் பகுதியில் சிறு ஈரம் தெரிந்தாலும் வண்டியை ஓட்டுவதை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

முதலில் இன்ஜின் முற்றிலும் ஆறியபின், சாவியைத் தொடாமல், டார்ச்சை வைத்துக்கொண்டு பாருங்கள். பழைய கசிவு இருந்த இடத்தில் பெட்ரோல் ஆவியாகி, பழுப்பு நிறப் பிசின் போன்ற கறை படிந்திருக்கும். தூசி படியாமல் கழுவிவிட்டது போலத் தெரியும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர் குழாயை விரலால் மெல்ல வளையுங்கள். மேல்பரப்பில் கீறல்கள் விரிந்தால் அது தன் காலத்தை முடித்துவிட்டது. நூல் பின்னல் உறை போட்ட குழாய்களில் உள்ளே உள்ள வெடிப்பு வெளியே தெரியாது. ஆகையால் அவற்றை நான் பார்த்து முடிவு செய்வதில்லை, மாற்றிவிடுவேன். சந்தேகமான இணைப்புகளைப் பனியன் வேஸ்டால் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவி வைத்தால், கால் மணி நேரத்தில் பொடி எங்கே நனைகிறது என்று தெளிவாகத் தெரியும்.

கசிவு சொட்டுச் சொட்டாக மட்டும் இருந்தால், உதவியாளர் சாவியை ஒரு நிலை மட்டும் திருப்பி, இன்ஜினை ஓட்டாமல், சில நொடிகள் பம்பை இயங்க விடலாம். தாரையாக ஒழுகும் வண்டியில் இதைச் செய்யக் கூடாது. எஸ்யு பம்ப் பல்லி சொல்வது போல டிக் டிக் என்று ஒலித்து, கார்புரேட்டர்கள் நிரம்பியவுடன் தானே அடங்கிவிட வேண்டும். அடங்கிய பிறகு சற்று நேரத்துக்கு ஒருமுறை தனித் தனி ஒலி வந்தால், பம்புக்கு அப்பால் எங்கோ பெட்ரோல் வெளியேறுகிறது, அல்லது பம்பின் உள்வால்வு சரியாக மூடவில்லை. ஓயாமல் வேகமாக ஒலித்துக்கொண்டே இருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராமல் இருந்தால், டேங்க்குக்கும் பம்புக்கும் இடையிலுள்ள பகுதியில் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது என்று கொள்ளலாம். அந்தப் பகுதி வண்டி ஓடும்போது ஒழுகாமல், நிற்கும்போது மட்டும் ஒழுகிப் பலரைக் குழப்பும்.

கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையிலிருந்து கீழே இறங்கும் வழிவுக் குழாயில் பெட்ரோல் சொட்டினால் அது குழாய்ப் பழுது அல்ல. உள்ளே பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி வால்வில் தூசி சிக்கியிருக்கிறது, அல்லது மிதவை ஓட்டையாகிப் பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யும் வேலை வேறு.

பேட்டரியும் பெட்ரோலும்

தேடி முடித்தபின், எந்தக் குழாயையும் கழற்றுமுன், பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். எர்த் என்றால் நெகட்டிவ் என்று கண்ணை மூடிக்கொண்டு கழற்ற வேண்டாம். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பாடியுடன் இணைந்திருப்பது பாசிட்டிவ் முனை. அந்தக் காலத்துப் பல ஆங்கிலேய வண்டிகள் அப்படித்தான். பாடியில் போய் முடியும் கேபிள் எது என்று கண்ணால் பார்த்து அதையே கழற்றுங்கள். இருக்கைகளுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருக்கும் பழைய மாதிரிகளும் உண்டு.

எம்ஜிபியின் டேங்க் மாதிரிக்கு ஏற்ப 45 முதல் 54 லிட்டர் வரை கொள்ளும். உரிமம் இல்லாமல் ஒருவர் சொந்தத் தேவைக்குப் பெட்ரோலைக் கேனில் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 லிட்டர்தான். ஆகையால் டேங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும் காலம் பார்த்து வேலையை வைத்துக்கொள்வதே எல்லா வகையிலும் எளிது. மிஞ்சியதைக் கைப்பம்பால் மூடியுள்ள உலோகக் கேனில் இறக்குங்கள். கேனைத் தரையில் வைத்து நிரப்புங்கள். வாயால் உறிஞ்சி இறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் போகும் ஒரு மடக்குப் பெட்ரோலே மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். டேங்க் மூடியை ஒருமுறை திறந்து உள்ளே அடைபட்ட அழுத்தத்தை விடுவியுங்கள்.

வண்டியை உயர்த்தும்போது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகக் கூடாது. இரும்பு ஸ்டாண்டுகளைப் போடுங்கள். ஹாலோ பிளாக் கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

எந்தக் குழாயை வாங்குவது

சந்தையில் கருப்பாக இருப்பதெல்லாம் பெட்ரோல் குழாய் அல்ல. குழாயின் மேல் எஸ்ஏஇ ஜே30 என்ற தர அச்சும் அதை அடுத்து ஆர்7 அல்லது ஆர்9 என்ற குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் வண்டியின் அழுத்தத்துக்கு ஆர்7 போதும். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஃபுளோரோ ரப்பர் உட்பூச்சு ஆர்9 வகையில்தான் இருக்கிறது. விலை கூடினாலும் அதையே வாங்கச் சொல்வேன். ஒரு வண்டிக்குத் தேவைப்படுவது ஒன்றிரண்டு மீட்டர்தான். தயாரித்த ஆண்டு அச்சிடப்பட்டிருந்தால் அதையும் பாருங்கள்.

மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் டியூப், சமையல் எரிவாயு டியூப், தென்னைக்கு மருந்து அடிக்கும் ஸ்ப்ரே ஹோஸ் ஆகிய மூன்றையும் பழைய வண்டிகளில் காணலாம். கையருகில் கிடைத்தது என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு தகுதி இல்லை.

உள்விட்டத்தைப் பழைய குழாயை அளந்து முடிவு செய்ய வேண்டாம். அது உப்பியோ சுருங்கியோ இருக்கும். குழாய் ஏறி அமரும் உலோக முனையின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளங்கள். ஆங்கிலேய வண்டிகளில் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர், அல்லது பதினாறில் ஐந்து அங்குலம், அதாவது சுமார் 7.9 மில்லிமீட்டர் என்ற அளவுகளே பெரும்பாலும் வரும். கிளிப்புகளில், பட்டையில் வெட்டுத் துளைகள் இல்லாமல் ஓரம் மடித்து விட்டிருக்கும் சிறிய வகையை வாங்குங்கள். துளைகள் வெட்டிய சாதாரண கிளிப்பை இறுக்கும்போது ரப்பர் அந்தத் துளைகளில் பிதுங்கி வெட்டுப்படும்.

ரப்பர் குழாயை மாற்றுதல்

பழைய குழாயைப் பிளேயரால் பிடித்து இழுத்தால் கார்புரேட்டரின் மெல்லிய பித்தளை முனை வளைந்துவிடும். கிளிப்பைத் தளர்த்தி, குழாயை இடமும் வலமுமாகத் திருகிப் பாருங்கள். அசையவில்லை என்றால் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். உலோக முனையில் கீறல் விழுந்தால் புதுக் குழாயும் அந்த வழியே கசியும். ஆகையால் பிளேடை முனைவரை அழுத்த வேண்டாம். கழற்றிய முனையை உடனே ஒரு போல்ட்டால் அடைத்துவிடுங்கள்.

புதுக் குழாயைக் கூர்மையான கத்தியால் செங்குத்தாக வெட்டி, உள்ளே ரப்பர்த் துகள் இல்லாதபடி ஊதிவிடுங்கள். அந்தத் துகள்தான் நாளை ஊசி வால்வில் சிக்கும். முனையின் மேல் கிரீஸ் தடவ வேண்டாம், ஒரு சொட்டுப் பெட்ரோல் தொட்டாலே வழுக்கிக்கொண்டு ஏறும். சுமார் ஓர் அங்குலம் உள்ளே போக வேண்டும். முனையில் உள்ள புடைப்பைத் தாண்டியே கிளிப் அமர வேண்டும். புடைப்பின் மேலேயே இறுக்கினால் அது நாளடைவில் நழுவும். ரப்பர் சற்றே அமுங்கும் அளவுக்கு இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். குழாய் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகக் கூடாது, கூர்மையான தகட்டில் உராயக் கூடாது. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் குரோமெட் என்னும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். பில்டர் சேர்ப்பதானால் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் வையுங்கள்; கண்ணாடியால் ஆன பில்டர் பார்க்க அழகு, உடைந்தால் தீ.

இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தால்

ஒழுகும் இடத்தில் சோப்பைக் கசக்கி அப்பினால் நிற்கும் என்று பட்டறையில் சொல்வார்கள். உண்மைதான், பெட்ரோல் சோப்பைக் கரைப்பதில்லை. டேங்க்கைக் காலி செய்யும்வரை சொட்டை நிறுத்த அது உதவும். அதை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. எபாக்சி பசையும் அப்படியே. ஃப்ளேர் இணைப்புகளில், அதாவது குழாயின் வாயைப் புனல் போல விரித்து நட்டால் இறுக்கும் இணைப்புகளில், டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதும் வேண்டாம். அங்கே பெட்ரோலை அடைப்பது மரை அல்ல, ஒன்றோடொன்று அமரும் உலோக முகங்கள்தான். டேப்பின் இழை பிரிந்தால் கார்புரேட்டர்வரை போகும்.

குழாயில் வெல்டிங் செய்து ஓட்டையை அடைக்கலாம் என்ற எண்ணமே எழக் கூடாது. காலியான குழாயிலும் டேங்க்கிலும் மிஞ்சும் ஆவி, நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது.

முழுக் குழாயையும் மாற்றுவதே சரியான வழி. செம்பும் நிக்கலும் கலந்த குழாய் துருப்பிடிக்காது, கையால் வளையும், அதிர்வைத் தாங்கும். வெறும் செம்புக் குழாய் அதிர்வில் இறுகி வெடிக்கும் என்பதால் குளிர்சாதனக் கடையில் கிடைக்கும் சுருளை வாங்க வேண்டாம். பழைய குழாயை முழுதாகக் கழற்றி, அதை அச்சாகத் தரையில் வைத்து, புதியதை ஓர் உருளையின் மேல் மெல்ல வளைத்துச் செல்லுங்கள். ஃப்ளேர் அடிக்குமுன் நட்டைக் குழாயில் கோத்துவிட்டீர்களா என்று பாருங்கள். மறந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான். ஃப்ளேர் கருவி இல்லாதவர்கள் அளவையும் பழைய நட்டுகளையும் கோவையிலோ பாலக்காட்டிலோ பிரேக் பைப் அடித்துத் தரும் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். பழைய நட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். அவற்றின் மரை அங்குல முறையில் அமைந்தது; நம் கடைகளில் கிடைக்கும் மெட்ரிக் நட்டு இரண்டு சுற்று ஏறிவிட்டு மரையைத் தின்றுவிடும்.

சோதனை

எல்லா இணைப்பையும் இறுக்கிய பிறகு, சிந்தியதைத் துடைத்து, வாடை முழுதும் போகும்வரை காத்திருந்து, பிறகே பேட்டரியை இணையுங்கள். இறக்கிய பெட்ரோலில் 5 லிட்டரை நுண்ணிய வலையில் வடிகட்டி டேங்க்கில் ஊற்றுங்கள். உதவியாளர் தீயணைப்பானைக் கையில் பிடித்திருக்க, சாவியை ஒரு நிலை திருப்பிப் பம்பை ஓடவிடுங்கள். காலியான குழாய் நிரம்பச் சற்று நேரம் ஒலிக்கும், பிறகு அடங்கும். அடங்கியபின் ஒவ்வோர் இணைப்பையும் வெள்ளை டிஷ்யூ தாளால் தொட்டுப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரியும். அடுத்து இன்ஜினை ஓட்டி, சூடேறிய நிலையில் ஒருமுறையும், நிறுத்தி அரை மணி நேரம் கழித்து ஒருமுறையும் அதே சோதனையைச் செய்யுங்கள். ஓடும் இன்ஜினில் விசிறிப் பட்டைக்கு அருகே கையைக் கொண்டு போக வேண்டாம்.

முதல் ஓட்டம் சமவெளியில், வீட்டைச் சுற்றிச் சில கிலோமீட்டர் போதும். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புது ரப்பர் சூட்டில் சற்று அமர்ந்துவிடும் என்பதால், முதல் வாரத்தில் கிளிப்புகள் எல்லாவற்றையும் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

மிஞ்சிய பழைய பெட்ரோலை வாய்க்காலிலோ தென்னம் பாத்தியிலோ ஊற்றக் கூடாது. வாடை மாறாமல் தெளிவாக இருந்தால் வடிகட்டிப் புதுப் பெட்ரோலுடன் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பயன்படுத்தலாம். கலங்கியிருந்தாலோ அடியில் நீர் பிரிந்து நின்றாலோ, கழிவு எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் மூடிய கேனுடன் கொடுத்துவிடுங்கள். நனைந்த பனியன் வேஸ்டைக் குவித்து வைக்காமல் வெயிலில், நெருப்பு அண்டாத இடத்தில் பரப்பி, முழுதும் உலர்ந்த பிறகே குப்பையில் சேருங்கள்.